‘டோரி’ என்றால் யார்?

பிரிட்டன் தேர்தல் செய்திகளில் ‘டோரி’ என்ற பெயர் அடிபடும். பழமைவாதக் கட்சிக்காரர்களைத்தான் சொல்கிறார்கள் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் இது அயர்லாந்தில் நிலம் பறிகொடுத்தவர்களிடமிருந்து வந்த பெயர். பிறந்தபோது இதற்கும் கட்சி அரசியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஐரிஷ் மொழியில் ‘தோர்’ என்றால் துரத்திப் போவது. அதிலிருந்து வந்த ‘தோரீ’, துரத்துபவன், வேட்டையாடிப் பறிப்பவன் என்ற பொருளில் வழங்கியது. 1640களில் ஆங்கிலேயர் வாயில் அது ‘டோரி’ ஆனது.

இந்தப் பெயர் பரவக் காரணம் நிலம். 1609 முதல் அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியில் கத்தோலிக்கரான ஐரிஷ்காரர்களின் நிலங்களைப் பறித்து, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த புராட்டஸ்டண்டுகளுக்குப் பங்கு போட்டார்கள். 1641 அக்டோபர் 22 இரவு கலகம் வெடித்தது. கலகத் தலைவர்களில் ஒருவரான ஃபீலிம் ஓநீல் சார்ல்மாண்ட் கோட்டைக்கு விருந்தாளியாகப் போய் அதைக் கைப்பற்றினார். அடுத்த மாதம் போர்ட்டடவுனில், கலகக்காரர்கள் குடியேறியவர்களில் சுமார் நூறு பேரைப் பாலத்திலிருந்து பான் ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். இதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. 1642 ஜனவரியில் ஐலண்ட்மகீயில் கத்தோலிக்கக் குடும்பங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டதற்கும் அப்படித்தான்.

1649இல் இங்கிலாந்து நாடாளுமன்றப் படையின் தளபதி குரோம்வெல் படையோடு வந்து இறங்கினார். 1652 சட்டத்தின்படி கத்தோலிக்க நிலவுடைமையாளர்களின் நிலங்கள் பெருமளவில் பறிபோயின. பலரை ஷானன் ஆற்றுக்கு மேற்கே, கானாக்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகாமல் காட்டிலும் சதுப்பிலும் பதுங்கி, புதிதாக வந்தவர்களின் மாடுகளை ஓட்டிக்கொண்டும் வீடுகளைத் தாக்கிக்கொண்டும் திரிந்தவர்களே டோரிகள். 1657இல் மேஜர் மார்கன் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் பேசும்போது, அயர்லாந்தில் அழிக்க வேண்டிய மிருகங்கள் மூன்று என்றார்: ஓநாய், பாதிரியார், டோரி. பெயர்பெற்ற டோரியின் தலைக்கு 10 பவுண்டு, சாதாரண டோரிக்கு 40 ஷில்லிங் (2 பவுண்டு). பெண் ஓநாய்க்கும் அதே 10 பவுண்டுதான். ஒரு சமூகத்தை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்பது அந்த விலைப்பட்டியலிலேயே இருக்கிறது.

ஆர்மா பகுதியின் ரெட்மண்ட் ஓஹான்லன் இவர்களில் பெரிய பெயர். குடியேறியவர்களிடம் காவல் பணம் வசூலித்தார், கொடுக்காதவர்களைக் கொள்ளையடித்தார். 1681இல் வளர்ப்பு உறவில் சகோதரன் முறையான ஒருவனே வெகுமதிக்காக அவரைச் சுட்டுக் கொன்றான்.

அதே ஆண்டுகளில்தான் சொல் கடல் தாண்டியது. அரசர் இரண்டாம் சார்லஸின் தம்பியும் கத்தோலிக்கருமான ஜேம்ஸ் அடுத்த அரசராகக் கூடாது என்று 1679 முதல் 1681 வரை இங்கிலாந்தில் பெரும் சண்டை. ஜேம்ஸுக்கு வாரிசுரிமை உண்டு என்றவர்களை, ‘நீங்கள் ஐரிஷ் கொள்ளைக்காரர்கள்’ என்று ஏசும் விதத்தில் டோரி என்றார்கள். அப்புறம் அந்த வசவே அவர்களின் அணிப் பெயராக நிலைத்துவிட்டது. 1830களில் உருவான பழமைவாதக் கட்சிக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? இன்றைய கட்சியைச் சொல்லும்போது ‘பழமைவாதக் கட்சியினர்’ போதும். 17ஆம் நூற்றாண்டு அயர்லாந்தைச் சொல்லும்போது அது பெரும் பிழையாகிவிடும். ‘கொள்ளையர்’ என்றால் குடியேறியவர்கள் தரப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நிலம் போன கதை காணாமல் போகிறது. ‘விடுதலை வீரர்’ என்றால் பணம் பறித்ததும் கொன்றதும் மறைந்துவிடுகின்றன. ‘தலைமறைவுக் கலகக்காரர்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முதல் முறை வரும்போது ‘நிலமிழந்த’ என்ற அடையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய நூல்களில் வரும் டோரி வேறு. அங்கே அது பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்றவர்களைக் குறிக்கும்; ‘அரச விசுவாசிகள்’ என்று எழுதலாம்.