எம்சிபி இருக்கிறதே, போதாதா?

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் மின் வேலை பார்க்கும் எங்களுக்கு அழைப்பு ஓயாது. ஈரச் சுவரில் ஷாக், பாத்ரூம் குழாயில் ஷாக், மோட்டார் கொட்டகைத் தகரத்தில் ஷாக். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் டிபி பாக்ஸ் (வீட்டு லைன்களைப் பிரிக்கும் பெட்டி) புதிதாகத்தான் இருக்கும், அதிலுள்ள எம்சிபிகளும் (லைனைத் தானாக அணைக்கும் சிறு ஸ்விட்சுகள்) நல்ல கம்பெனிதான். "இவ்வளவு செலவு பண்ணி மாட்டியிருக்கோமே தம்பி, ஏன் ஒண்ணும் விழல?" என்று கேட்பார்கள்.

எம்சிபி காப்பது வயரை. 16 ஆம்பியர் எம்சிபி என்றால், லோடு அதைத் தாண்டிப் போனாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும், அதாவது தானாக அணையும். மனித உடம்பில் 0.1 ஆம்பியர் ஓரிரு நொடி பாய்ந்தாலே இதயத்துடிப்பு குலைந்து உயிர் போகலாம். அந்தச் சிறு அளவு எம்சிபிக்குத் தெரியவே தெரியாது. ஆளைக் காக்கப் பெட்டிக்குள் இருக்க வேண்டியது ஆர்சிசிபி. நம் வயர்மேன்கள் பலரும் இஎல்சிபி என்றே கேட்டு வாங்குவார்கள். பேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ மண்ணுக்குக் கசிகிறது என்று பொருள், 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும்.

வருத்தம் என்னவென்றால், மாட்டிய வீடுகளிலும் மழைக்காலத்தில் அதைக் கழற்றச் சொல்கிறார்கள். "மழை பேஞ்சா விழுந்துக்கிட்டே இருக்கு, டைரக்டா குடுத்துடுங்க." நான் கொடுப்பதில்லை. விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் கொல்லைப்புற விளக்கு, மாடித் தண்ணீர்த் தொட்டி மோட்டார், திறந்த வெளியில் டேப் சுற்றிய இணைப்பு, இவற்றில் ஒன்றாக இருக்கும். வெளி லைன்களுக்குத் தனியாக ஓர் ஆர்சிசிபி போட்டுவிட்டால் அவை விழுந்தாலும் வீட்டுக்குள் விளக்கு எரியும். ஆர்சிசிபியிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும்.

எர்த்தையும், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கப் புதைத்த குழாயையும், கவனிக்க வேண்டும். நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை நல்ல எர்த் தரும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது குழாயைச் சுற்றிய மண்ணே பிரிந்துவிடும். வேதாரண்யம் பக்கம் வேறு தொல்லை. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் குழாயையும் கம்பி முறுக்கிய போல்ட்டையும் தின்றுவிடும். வெளியே பார்த்தால் பச்சை வயர் தெரியும், கீழே பிடிப்பே இருக்காது.

மோட்டார் கொட்டகைப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 5 எச்பி மும்முனை மோட்டார் முழு லோடில் எடுப்பது சுமார் 7 ஆம்பியர். அதற்கான பீஸ் கட்டையில் செம்புக் கம்பியை நாலு இழையாக முறுக்கி வைத்திருப்பார்கள். மோட்டாருக்குள் சுற்றிய கம்பி எரிந்து புகை வரும், பீஸ் போகாது. கேபிள் நுழையும் ஓட்டை மேல்பக்கம் இருந்தால் வயர் வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கும். கேபிள் கீழிருந்து ஏற வேண்டும், கிளாண்ட் (ஓட்டையில் கேபிளை இறுகப் பிடிக்கும் வளையம்) போட்டு இறுக்க வேண்டும். பயன்படாத ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பல்லியும் எறும்பும் குளவிக்கூடும் அந்த வழியாகத்தான் வருகின்றன. பஸ்பாரில் (பெட்டிக்குள் கரண்ட் ஓடும் உலோகப் பட்டை) பல்லி விழுந்தால் ஷார்ட்தான். தளர்ந்த ஸ்க்ரூ இன்னும் ஆபத்து. அந்த இடம் சூடாகிக்கொண்டே போகும், எந்த எம்சிபியும் அதைக் கண்டுபிடிக்காது. குறுவை அறுப்பு முடிந்த கையோடு வயர்மேனை வரவழைத்து, மெயினை அணைத்து, எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கச் சொல்லுங்கள். வயர் முனை பழுப்பேறியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) அடிக்க வேண்டும்.

பெட்டியின் உயரத்தை முடிவு செய்ய ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். எந்த வெள்ளத்தில் எதுவரை தண்ணீர் நின்றது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மட்டத்துக்கு நன்றாக மேலே பெட்டி இருக்க வேண்டும். ஒருமுறை மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபியை வெயிலில் காயவைத்து மாட்டாதீர்கள். உள்ளே சேறு படிந்திருக்கும், விழ வேண்டிய நேரத்தில் விழாது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டரை வைத்துத்தான் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றினோம். மெயினை அணைக்காமல், பிளக் பாயிண்ட் வழியாக ஜெனரேட்டர் கரண்டை வீட்டுக்குள் கொடுப்பது கொலைக்குச் சமம். அது சர்வீஸ் வயர் வழியாகத் திரும்பிப் போய், டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட்டாக ஏறும். கம்பத்தில் லைன் கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேனுக்கு அது தெரியாது. ஜெனரேட்டர் வைப்பவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்டே ஆக வேண்டும். ஈபியா ஜெனரேட்டரா, ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் வீடு இணைந்திருக்க முடியும்.

தெருவோரப் பில்லர் பாக்ஸ் (தெரு லைன்களைப் பிரிக்கும் பெட்டி) மின்வாரியத்துடையது. நானும் தொடக் கூடாது, நீங்களும் தொடக் கூடாது. கதவு திறந்து கிடந்தாலோ, சுற்றிலும் தண்ணீர் தேங்கினாலோ பிள்ளைகளையும் மாடுகளையும் விலக்கிவிட்டு, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். பக்கத்துக் கம்பத்தின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் இடத்தைத் தேடாமல் வந்துவிடுவார்கள்.