செராய்க் குருத்துக்குள் நகரும் உட்கரு

பினாங்கில் லக்சா கொதிக்கும் வீட்டில் செராய் இல்லாமல் இருக்காது. எலுமிச்சம்புல்லைத்தான் சொல்கிறேன். சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து இரண்டு தண்டை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். வேர் விட்டு, நடுவில் புது இலையும் வந்தது. இலையின் அடிப்பக்கம் நகப்பூச்சு தடவி, காய்ந்ததும் டேப்பால் உரித்து, மகளின் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். இலைத்துளைகள் வரிசை பிடித்து நின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு செல்கள்: நடுவே துளையைத் திறந்து மூடும், முனை பருத்த இரண்டு காப்புச் செல்கள், இருபுறமும் ஒவ்வொரு துணைச் செல்.

இந்த ஒழுங்கு எப்படி வந்தது?

தாவரச் செல் சுவருக்குள் அடைபட்டது, அண்டைச் செல்லோடு ஒட்டிக்கொண்டது. பிறகு நகர்ந்து சரிசெய்துகொள்ள வழியில்லை. பிரியும்போது குறுக்குச் சுவர் எங்கே விழுகிறதோ, அதுதான் கடைசி வரை. அதனால் இடத்தை முன்கூட்டியே குறிக்க வேண்டும்.

வளர்ந்த செல்லில் பெரிய நீர்க்குமிழ் ஒன்று உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். பிரிவதற்கு முன் உட்கரு, குமிழின் ஊடே ஓடும் சைட்டோபிளாச இழைகளில் தொங்கியபடி நடுவுக்கு வந்து சேரும். அதே மட்டத்தில், செல்சவ்வை ஒட்டி உள்ளே நுண்குழல்கள் என்ற மெல்லிய புரதக் குழாய்கள் ஒரு வளையம் கட்டும். 1966இல் பிக்கெட்-ஹீப்ஸ், நார்த்கோட் என்ற இரு ஆய்வாளர்கள் கோதுமைச் செல்களில் இதைக் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், உட்கரு பிரியத் தொடங்கியதும் வளையம் கலைந்துவிடும். ஆனாலும் நடுவிலிருந்து வெளிநோக்கி வளரும் புதுச் சுவர், வளையம் இருந்த அதே இடத்தில் போய்த்தான் ஒட்டும். கொத்தனார் நூல் பிடித்துவிட்டு, முதல் கல் வைக்குமுன் நூலைச் சுருட்டிக்கொண்டு போன கதைதான்.

சரி, உட்கரு வளையத்தைத் தேடிப் போகிறதா, வளையம் உட்கருவைத் தேடி வருகிறதா? ஒரு பெரணி வகையின் இழைச் செல்களை விசையோடு சுழற்றி, உட்கருவை இடம் மாற்றிப் பார்த்தார்கள். உட்கரு போன இடத்தில் புது வளையம் உருவானது.

புல் இனத்தின் துணைச் செல் விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இங்கே துணைச் செல்லைத் தரப்போகும் செல்லின் உட்கரு நடுவுக்கு வருவதில்லை. காப்புச் செல்களைப் பெறப்போகும் தாய்ச் செல் பக்கத்தில் இருக்கிறதல்லவா, அதை ஒட்டிய சுவருக்கு நகர்ந்து அங்கேயே நின்றுகொள்ளும். அதற்கு ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் வேண்டும். அப்புறம் ஓரத்தில் ஒரு சிறு செல் மட்டும் வெட்டுப்படும். மக்காச்சோளத்தில் பான்1 என்ற புரதம் கெட்டுப்போனால் உட்கரு பல இடங்களில் சரியாக வந்து சேராது. துணைச் செல்களும் கோணலாகப் பிரியும்.

எங்கள் டேப்பில் இதெல்லாம் தெரியாது. விரிந்த இலையில் வேலை முடிந்திருக்கும். புல்லின் இலை அடியிலிருந்து வளர்வது. உட்கரு நகர்வதெல்லாம், சம்பாலுக்கு உரலில் போட்டு இடிக்கிறோமே, அந்த வெள்ளைத் தண்டின் உட்குருத்தில்.