ஓட்டுப் பேச்சும் ஒரு பிறப்புப் பத்திரமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அலுவலகத்துக்குக் கீழே ஒரு ஒட்டுக்கடை இருக்கிறது. 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தல் முடிந்து இரண்டு நாள் இருக்கும். உட்கார்ந்திருந்த எல்லார் இடது கை விரலிலும் மை. முன்பு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த ஐயா ஒருவர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“லாயரம்மா, பதினெட்டு வயசுப் பையனுக்கு என்னங்க தெரியும்? டிக்டாக்கைப் பார்த்துட்டுப் போய்க் குத்திட்டு வர்றான்.”

பக்கத்து மேசைக்காரர் ஒரு படி மேலே போனார். ஓட்டுப் போட வருகிறவனுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைக்கவேண்டுமாம். சிரிப்பும் வாக்குவாதமுமாக அரை மணி நேரம் ஓடியது. எங்களுக்குத் தே தாரிக் ஆற்றிக்கொடுத்த பையனுக்கு 19 வயது. அவன் விரலில் மை இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கிளம்பும்போதுதான் பார்த்தேன்.

வயது விவகாரம் ஓரளவு முடிந்த கதை. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தியது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதில் ஓட்டும் தானியங்கி வாக்காளர் பதிவும் நடைமுறைக்கு வந்தன. 2018-ல் 14.9 மில்லியனாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 2022-ல் 21 மில்லியனைத் தாண்டியது. 18 வயதில் கார் ஓட்டலாம், கல்யாணம் கட்டலாம், வரியும் கட்டலாம் என்றால் ஓட்டு மட்டும் ஏன் கூடாது? ஐயாவிடம் இதைக் கேட்டேன். தேநீரை உறிஞ்சினார், பதில் வரவில்லை.

பரீட்சை யோசனைதான் எனக்குப் பயம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது. கறுப்பின மக்களை ஓட்டுச்சாவடிப் பக்கம் வரவிடாமல் செய்ய அது நன்றாக உதவியது. 1965 வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதன் கையைக் கட்டியது. வினாத்தாளை யார் எழுதுகிறார், யார் திருத்துகிறார் என்று பார்த்தாலே மீதி புரிந்துவிடும். அந்தப் பரீட்சை 1955-ல் நம் தோட்டங்களில் நடந்திருந்தால் ரப்பர் பால் வெட்டிய நம் பாட்டிகளில் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்?

தோட்டத் தமிழன் ஓட்டை இழக்கப் பரீட்சைகூடத் தேவைப்பட்டதில்லை. இலங்கையில் 1931 முதல் அனைவருக்கும் வாக்குரிமை. 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ அவருக்கு முந்திய தலைமுறைகளோ அங்கே பிறந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களிடம் ஏது பத்திரம்? அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்றார்கள். அதோடு அவர்கள் பெயர்கள் பட்டியலிலிருந்து போய்விட்டன.

இங்கே கதை வேறு மாதிரி. 1955 முதல் தேர்தலில் பதிவான வாக்காளர்கள் சுமார் 1.28 மில்லியன், ஐந்தில் நான்குக்கும் மேல் மலாய்க்காரர்கள். குடியுரிமை இல்லாததால் நம்மவர்கள் மிகக் குறைவு. சுதந்திரத்தின்போது கதவு திறந்தது. ஆனால் 1957 ஆகஸ்ட் 31-க்கு முன் இங்கே பிறந்து, ஏற்கெனவே குடியுரிமை பெறாதவர்கள் தாங்களே போய் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் யாராவது எடுத்துச் சொன்னால் போனார்கள். சொல்லாத தோட்டத்தில், குடிமக்கள் அல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டையோடு) இருந்துவிட்டார்கள். “ஐசி ஐசிதானே கண்ணு” என்று என்னிடம் சொன்ன பாட்டிகள் உண்டு. வாழ்நாளில் ஒருமுறைகூட ஓட்டுப் போடாதவர்கள் அவர்கள்.

சரி, அந்தக் கடைப் பையனுக்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவன் இங்கேதான் பிறந்தான். தமிழ்ப்பள்ளியில் படித்தான். அப்பாவுக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி. அம்மாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் பிறப்பைப் பதியாததால் அவருக்கு எந்தப் பத்திரமும் கிடையாது. கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது; தாலி, மாலை, ஊர்ச்சாப்பாடு எல்லாம் உண்டு, பதிவு மட்டும் இல்லை.

அப்பா குடிமகன்தானே, பிள்ளைக்கு என்ன தடை என்று எல்லாரும் கேட்கிறார்கள். 1976 திருமணச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த பிறகு, பதியாத கோயில் கல்யாணத்தைக் குடியுரிமை விஷயத்தில் தேசியப் பதிவிலாகா கல்யாணமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு, குடியுரிமை விஷயத்தில் தகப்பன் என்ற இடத்தில் தாயை வைத்துப் பார்க்கச் சொல்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. தாய்க்குப் பத்திரம் இல்லையா, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்காநெகாரா’ (குடிமகன் அல்ல) என்று விழுகிறது. பிறகு போய்ப் பதிந்தால் சரியாகிவிடும் என்று ஓடிவருகிறார்கள். ஆனால் குடியுரிமைக்கு, பிள்ளை பிறந்த நாளில் இருந்த நிலையைத்தான் பார்க்கிறார்கள்.

அவனுக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பம் போட முடிந்தது, அப்போதிருந்த விதிப்படி 21 வயதுக்குள். கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம். முதல் விண்ணப்பம் காரணம் சொல்லாமல் திரும்பியது. 21 ஆக நான்கு மாதம் இருக்கும்போது இரண்டாவதைக் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. இடையில் ஒருநாள், “அந்த ஐயா சொன்ன பரீட்சையை வச்சா நான் எழுதிடுவேன் லாயரம்மா” என்றான். எஸ்பிஎம் என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வில் அவன் வரலாற்றுப் பாடத்தில் ஏ வாங்கியவன்.

கோயிலில் கல்யாணம் நிச்சயித்திருப்பவர்கள் அதற்கு முன்பே பதிவிலாகாவில் மனுக் கொடுங்கள்; அந்த அறிவிப்புக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். சில கோயில்களில் குருக்களே உதவிப் பதிவாளராக இருப்பார். முன்கூட்டியே விசாரியுங்கள். பிள்ளை பிறந்தால் தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். ‘அப்பா வந்ததும் போகலாம்’ என்று தள்ளிப்போட்ட குடும்பங்கள்தான் என் அலமாரியில் பாதிக் கோப்புகள்.

இன்னொன்றும் கேட்கிறார்கள்: மனநலத்துக்கு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு ஓட்டு உண்டா? உண்டு. அரசியலமைப்பின் 119-வது பிரிவு தடுப்பது மனநிலை சரியில்லாதவர் என்று தடுத்துவைக்கப்பட்டிருப்பவரையும், சிறைத்தண்டனை அனுபவிப்பவரையும்தான். வீட்டில் உள்ளவர்களாக அவனை நிறுத்திவைக்க வேண்டாம்.

அப்புறம் முகவரி. தோட்டத்தை விற்று லயத்தை இடித்துப் பல வருடம் ஆகியிருக்கும். ஐசியில் இன்னும் அந்த லயத்து முகவரிதான். பதிவு தானாக நடப்பதால் பெயரும் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும். தேர்தல் அறிவித்த பிறகு பார்த்தால் மாற்ற முடியாது. தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையச் சேவையில் ஐசி எண்ணைப் போட்டால் எந்தப் பள்ளியில் ஓட்டு என்று காட்டும்.

குடியுரிமை விஷயமாக என்னைப் பார்க்க வருகிறவர்கள் பெற்றோர் இருவரின் ஐசி, பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், தோட்டத்துப் பழைய சம்பளச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். கல்யாண ஆல்பம் வேண்டாம். பலர் அதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள்.