ஏலத்தோட்டத்தின் இன்னொரு பேரேடு

ஏலப்பூ விடிவதற்கு முன்பே விரியத் தொடங்கிவிடும். செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும் சரத்தில், வெண்ணிற உதட்டில் ஊதாக் கோடுகளோடு நிற்கும் அந்தப் பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுள். மகரந்தப் பையும் சூல்முடியும் ஒரே பூவில் அருகருகே இருந்தும் அது தானாகக் காய் பிடிப்பதில்லை. தேனெடுக்க உள்ளே நுழையும் ஈயின் உடல் இரண்டிலும் உரசினால்தான் காய் உண்டு. உரசாவிட்டால் பூ உதிர்ந்துவிடும். மலைத்தேனீயும் அடுக்குத்தேனீயும் கொசுத்தேனீயும் காலை வெயில் ஏறுமுன் செய்து முடிக்கிற இந்த வேலையை வேறு எந்தக் கூலியாளைக் கொண்டும் தோட்டம் முழுக்கச் செய்து முடிக்க இயலாது.

தேனி மாவட்டத்திலிருந்து போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி ஆகிய மூன்று பாதைகளில் தினமும் காலையில் ஜீப் ஏறி இடுக்கி மலைக்குப் போகிற தொழிலாளருக்கும், கீழே போடியில் இருந்துகொண்டு மேலே தோட்டம் நடத்துகிறவர்களுக்கும் இது புதிய செய்தி அன்று. ஆனால் தோட்டத்துப் பேரேட்டைத் திறந்தால் ஆள்கூலி, உரம், மருந்து, காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகு, ஜீப் வாடகை என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கிறது. தேனீக்கும் நிழல்மரத்துக்கும் ஓடைக்கும் மட்டும் வரியே இல்லை. காசு கொடுக்காமல் கிடைப்பதால் வரவிலும், கெடுத்ததற்குக் காசு கேட்க ஆளில்லாததால் செலவிலும் அவை விடுபட்டுப் போகின்றன. ஒரு தொழில் நிறுவனம் இயற்கையை மதிப்பிடுவது என்பது, விடுபட்ட அந்த வரிகளை எழுதத் தொடங்குவதுதான்.

எழுதும்போது இரண்டு பக்கங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தொழில் இயற்கையிடமிருந்து பெறுவது ஒரு பக்கம். அதைச் சார்பு என்கிறார்கள். தொழில் இயற்கைக்குச் செய்வது மறுபக்கம், அது தாக்கம். ஏலத்தோட்டம் தேனீயைச் சார்ந்திருக்கிறது. அதே தோட்டத்தில் இலைப்பேன் பூச்சிக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கிற மருந்து அந்தத் தேனீயையே தாக்குகிறது. தாக்கத்தில் ஒரு பகுதி இப்படிச் சுற்றிவந்து சொந்த விளைச்சலைத் தொடும். இன்னொரு பகுதி ஓடையோடு இறங்கி, தோட்டத்தின் பெயரையே கேட்டிராத ஒருவரின் கிணற்றில் போய் முடியும். முதலாவதைக் கணக்கெடுக்க முதலாளிக்குத் தன்னலமே போதும். இரண்டாவதைக் கணக்கெடுக்கச் சட்டமோ, வாங்குபவரின் கட்டாயமோ, மனசாட்சியோ வேண்டியிருக்கிறது. முறைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை என்பது என் கருத்து.

கணக்கு ரூபாயில் தொடங்குவதில்லை, எண்ணிக்கையில் தொடங்குகிறது. பூக்கும் பருவத்தில் குறிப்பிட்ட பத்துச் செடிகளுக்கு முன்னால் கால் மணி நேரம் அமர்ந்து எத்தனை ஈக்கள் வந்தன என்று எண்ணலாம். சில சரங்களில் பூத்த பூக்களையும் பிடித்த காய்களையும் எண்ணி விகிதம் எடுக்கலாம். வேறு சில சரங்களை மெல்லிய வலையால் மூடி, ஈ வராவிட்டால் என்ன ஆகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்கு எத்தனை நிழல்மரம், என்னென்ன இனம், ஸ்டோரில் ஒரு கிலோ காய் உலர எவ்வளவு விறகு, கோடையில் ஓடை எத்தனை நாள் ஓடியது என்பனவும் இதே வகைதான். இவற்றை ஒருமுறை எழுதி வைத்தால் அதுவே அடிநிலை. அடிநிலை இல்லாமல் ‘தேய்ந்தது’ என்றோ ‘வளர்ந்தது’ என்றோ சொல்வதற்கு இடமில்லை.

அதன் பிறகுதான் பணம் வருகிறது. எண்களை எளிமைக்காக நானே வைத்துக்கொள்கிறேன்: பத்து ஏக்கர் தோட்டம், ஏக்கருக்கு 200 கிலோ உலர்ந்த காய், கிலோ விலை 2,000 ரூபாய் என்றால் மொத்த வரவு 40 லட்சம். தேனீ வரத்து குறைந்து காய்ப்பிடிப்பு பத்தில் ஒரு பங்கு சரிந்தால் 200 கிலோ போயிற்று. 4 லட்சம் ரூபாய். ஆனால் இழப்பு முழுதாக 4 லட்சம் அன்று. அந்த 200 கிலோவை எடுக்கவும் உலர்த்தவும் ஆகியிருக்கும் செலவு மிச்சமாகிறது. அதைக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று கொண்டால், நிகர இழப்பு 3 லட்சம். அந்த ஆண்டு தண்ணீரோ உரமோ ஏற்கெனவே பற்றாக்குறையாக இருந்திருந்தால், ஈ வந்திருந்தாலும் அத்தனை காயும் தேறியிருக்காது; அதையும் கழிக்க வேண்டும். கழித்தபின் நிற்கும் தொகை, தேனீயில் ஏற்பட்ட அந்தக் குறிப்பிட்ட குறைவுக்கு உரிய மதிப்பே தவிர, தேனீ இனத்தின் விலை அன்று. ஒரு மாற்றத்துக்கு மதிப்புப் போடலாம். முழுமைக்குப் போட முடியாது.

கோஸ்டா ரிக்காவின் ஒரு காப்பித் தோட்டத்தில் டெய்லர் ரிக்கெட்ஸும் அவருடைய குழுவும் இதே வழியில் சென்று 2004இல் முடிவை வெளியிட்டார்கள். காட்டுக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த செடிகளில் விளைச்சல் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல். அருகிலிருந்த இரண்டு காட்டுத் துண்டுகளிலிருந்து வந்த ஈக்களால் அந்த ஒரு தோட்டத்துக்குக் கிடைத்த பயன் ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

ரூபாயை மட்டும் நம்பிவிடக்கூடாது என்பதற்கு நம் ஏலச்சந்தையே சாட்சி. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் நடந்த ஏல விற்பனையில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. இரண்டு ஆண்டுகளில் சராசரி விலை 1,000 ரூபாயை ஒட்டி இறங்கிவிட்டது. மேலே சொன்ன கணக்கின்படி பார்த்தால், அந்த இடைவெளியில் தேனீயின் மதிப்பும் கூடவே சரிந்திருக்க வேண்டும். ஈ செய்த வேலை ஒரு துளியும் குறையவில்லை. ஆகவே பேரேட்டில் எண்ணிக்கைக்கும் ரூபாய்க்கும் தனித்தனிப் பத்திகள் இருக்க வேண்டும். விலை இறங்கிய ஆண்டில் ரூபாய்ப் பத்தியைக் காட்டி நிழல்மரத்தை வெட்டுவது, சந்தையின் தவறுக்கு மலையைத் தண்டிப்பதாகும்.

காயை வாங்கிப் பொட்டலம் போடும் மசாலா நிறுவனத்துக்குக் கணக்கு வேறு வகையில் நீள்கிறது. தன் ஆலையின் மின்சாரத்தையும் கழிவுநீரையும் அளந்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டால், பெரும்பகுதி தாக்கம் கண்ணிலேயே படாது. காலணி நிறுவனமான பூமா, தன் 2010ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்கத்துக்கு 14.5 கோடி யூரோ என்று மதிப்பிட்டு வெளியிட்டது. அதில் சொந்த அலுவலகங்களும் கடைகளும் கிடங்குகளும் சேர்ந்து வெறும் 6 விழுக்காடு. தோல், பருத்தி, ரப்பர் போன்ற மூலப்பொருள்களை விளைவிக்கும் கடைக்கோடிப் படியில் மட்டும் 57 விழுக்காடு. மசாலா நிறுவனம் இப்படி ஒரு கணக்குப் போட்டாலும், விறகும் மருந்தும் நீரும் செலவாகிற தோட்டத்தைத்தான் முதலில் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.

அளவிடும் முறைகளுக்கு இப்போது பொதுவான வழிகாட்டிகள் உண்டு. 2016இல் வந்த இயற்கை மூலதன நெறிமுறை ஒன்று. 2023 செப்டம்பரில் டிஎன்எஃப்டி என்ற, இயற்கை சார்ந்த நிதி விவரங்களை நிறுவனங்கள் வெளியிடுவதற்கான பன்னாட்டுப் பணிக்குழு தந்த பரிந்துரைகள் இன்னொன்று. நம் நாட்டில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டு சந்தை மதிப்பில் முதலில் நிற்கும் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் நீர், கழிவு, சூழல் தொடர்பான விவரங்களையும் அறிக்கையில் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இவற்றில் எனக்கு மிகவும் பொருள் உள்ளதாகப் படுவது, பணிக்குழுவின் முறையில் முதல் படியாக உள்ள ‘இடத்தைக் கண்டறி’ என்பதுதான். கரியமில வாயு எங்கே வெளியேறினாலும் வானத்துக்கு ஒன்றே. தண்ணீரும் உயிரினமும் அப்படி அல்ல. ஏலமலையின் கிழக்கு விளிம்பில் ஒரே மேட்டின் ஒரு பக்கத்து மழை பெரியாற்றுக்கும் மறுபக்கத்து மழை வைகைக்கும் வடிகிறது. ஒரே அளவு மருந்து, ஒரே முதலாளி, பாதிக்கப்படும் ஊர்கள் மட்டும் வேறு. ‘இந்தியா முழுவதும் இவ்வளவு லிட்டர்’ என்கிற சராசரி இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

மதிப்பிட்ட பின் நிர்வாகம். இதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தவிர், முடியாததைக் குறை, கெட்டதைச் சீரமை, எஞ்சியதற்கு மட்டுமே ஈடு செய். பூக்கும் மாதங்களில் காலையில் மருந்து அடிக்காதிருப்பது தவிர்ப்பதில் சேரும். சொல்ல எளிது, ஆனால் தொழிலாளர் வரும் ஜீப் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறது, தென்மேற்குப் பருவத்தில் பிற்பகல் மழை வந்தால் அடித்த மருந்து கழுவிப் போகிறது. அதனால்தான் பலர் காலையிலேயே முடிக்க நினைக்கிறார்கள். மேலே போட்ட 3 லட்சம் ரூபாய்க் கணக்கு பயன்படுவது இங்கேதான்: மருந்தடிக்கும் ஆட்களை மட்டும் தாமதமாக ஏற்றிவரத் தனி ஜீப்புக்கு ஆகும் செலவை அதோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.

ஈடு செய்வது ஏன் கடைசி என்பதற்கும் நம் எல்லைப்புறத்திலேயே வரலாறு இருக்கிறது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்பட்டதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நெடுங்காலம் நீண்ட அந்த வழக்கின் வழியாகத்தான், காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுபவர் அதன் நிகர இன்றைய மதிப்பை, அதாவது அந்தக் காடு வருங்காலத்தில் தரக்கூடிய பயன்களை இன்றைய பணத்தில் கணக்கிட்ட தொகையை, செலுத்த வேண்டும் என்ற முறை வந்தது. 2008இல் அதை ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை, காட்டின் வகைக்கும் அடர்த்திக்கும் ஏற்ப வரையறுத்தார்கள். மதிப்பே இல்லை என்றிருந்த நிலைக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் தொகை கட்டப்படுவது ஈட்டுக் காடு வளர்ப்புக்கான அரசு நிதிக்கு. வெட்டப்பட்ட சரிவில் ஊறிய ஓடைக்கோ அதைக் குடித்தவர்களுக்கோ அது நேராகத் திரும்புவதில்லை, நட்ட கன்று சோலைக்காடாவதும் இல்லை.

ஆதலால் தோட்டத்தின் இரண்டாவது பேரேட்டில், கட்டிய தொகைக்கு எதிரே ஒவ்வோர் ஆண்டும் ஓர் எண்ணிக்கை நிரம்ப வேண்டும். அதே மாதம், அதே பத்துச் செடி, அதே கால் மணி நேரம். எத்தனை ஈக்கள் வந்தன, எத்தனை பூ காயாயிற்று, ஓடை எந்தத் தேதியில் நின்றது. மருந்தடிக்கும் நேரத்தை மாற்றிய ஆண்டுக்கும் மாற்றாத ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று நான்கு பருவங்களில் அந்தப் பத்தியில் தெரிய வரும்.