நடைப்பயிற்சிக்காகத் தூக்கத்தைக் குறைக்காதீர்கள்

போன மாதம் என் கிளினிக்குக்கு ஓர் அண்ணன் வந்தார். 46 வயது, சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மோட்டாரில் போய் வருகிறவர், இனிப்புநீர் (நீரிழிவு) தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. "நடக்கச் சொன்னீங்களே டாக்டர், ஆறு மாசமா ஒரு நாள் விடல" என்றார். காலை 4.30க்கு எழுந்து, நாய்களுக்குப் பயந்து கையில் குச்சியோடு, தாமானைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்கிறார். ஆனால் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு, அதாவது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c இரத்தப் பரிசோதனை அளவு, இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியே இருந்தது. எடையும் அசையவில்லை.

ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஓவர்டைம் முடிந்து வீடு வந்து சேர 9 ஆகிறது, குளித்துச் சாப்பிட 10, அப்புறம் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலை, கொஞ்சம் போன், படுக்கும்போது 12. ஆக நாலரை மணி நேரத் தூக்கம், அதுவும் ஆறு மாதமாக. அவரை நடக்கச் சொன்னது நான்தான். தூக்கத்தைப் பற்றி அன்றைக்கு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அது என் தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இவர் ஒருவர் மட்டும் இப்படி வரவில்லை.

1999-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நோய் எதுவும் இல்லாத இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுச் சோதித்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இரத்தத்தில் ஏறிய சர்க்கரையை இறக்கும் திறன் அவர்கள் உடம்பில் நன்றாகவே குறைந்துவிட்டது. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, பசியும் கூடுகிறது, அந்தப் பசி இனிப்பையும் மாவுப் பண்டத்தையும்தான் தேடும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். நம் வீடுகளில் தூக்கத்தையும் மருந்தைப் போலவே கணக்குப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். உடற்பயிற்சிக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி வேகமான நடை போதும். நாளுக்குப் பங்கு போட்டால் 22 நிமிடம்கூட முழுசாக வராது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்பார்கள். 2020-இல் அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள், ஐந்து நிமிடம் படி ஏறினாலும் அது கணக்கில் சேரும். அந்த அண்ணனோ இந்த 22 நிமிடத்துக்காகத் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேலான தூக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் எழுந்தால்தான் நல்லது என்பது நம் ஆட்கள் மனத்தில் ஆழமாக இருக்கிறது. "எங்க பாட்டி நாலு மணிக்கே எழுந்து பால்வெட்டுக்குப் போனாங்க" என்பார்கள். என் பாட்டியும் அப்படித்தான் போனார். வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டும். ஆனால் அந்த லயத்தில் எட்டரைக்கெல்லாம் விளக்கு அணைந்துவிடும் என்றும் பாட்டி சொல்லியிருக்கிறார். எழுந்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொண்ட நாம் அவர்கள் படுத்த நேரத்தை மறந்துவிட்டோம்.

இன்னொன்று, நம் கடிகாரம். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் இங்கே சூரியன் உதிக்க 7 மணி ஆகிறது, சில மாதங்களில் ஏழே காலும் தாண்டும். தமிழ்நாட்டு வீடியோவில் ஒருவர் ஐந்து மணிக்கு எழுந்து ஓடச் சொன்னால், அவர் ஊரில் கொஞ்ச நேரத்தில் விடிந்துவிடும், இங்கே நமக்கு அது நல்ல நடு இருட்டு. பிரம்ம முகூர்த்தம் என்பவர்களுக்கும் சொல்கிறேன், அது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்குவது. சுங்கை சிப்புட்டில் கணக்குப் போட்டால் ஐந்தரை மணியைச் சுற்றி வரும். தாராளமாகத் தூங்கிவிட்டு எழலாம்.

காலையில் பறிபோகும் வெளிச்சம் மாலையில் நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. 7 மணி வரை வெளிச்சம் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போவதற்கு முன்பே நடையை முடித்துவிடுங்கள், வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் அப்புறம் கிளம்ப மனசு வராது. ஒரு ஜோடி சப்பாத்து மோட்டார் கூடையிலேயே இருக்கட்டும். சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் கடைத்தெரு அஞ்சடியில் (கடைகளின் முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதையில்) இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாலும் நடைதான். ஓவர்டைம் நாளா? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டுப் படுங்கள், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை அது இறக்கும். ஓவர்டைமை விடு என்று நான் சொல்லமாட்டேன், அந்தக் காசில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு நாளாவது அது இல்லாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள்.

இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை. மாலையில் விளையாடினால் தூக்கம் கெடும் என்பது பெரும்பாலும் சரியில்லை. ஆனால் ராத்திரி 10 மணிக்கு ஃபுட்சால் ஆரம்பித்து, 11.30க்கு முடித்து, அங்கிருந்து மாமாக் கடைக்குப் போய் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் உடம்பு எப்படி அடங்கும்? கடுமையான ஆட்டத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேலாவது இடைவெளி வேண்டும். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனில் பாதி கரையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும், அதனால் கடைசி கோப்பி ஓ மத்தியானச் சாப்பாட்டோடு முடியட்டும்.

பெண்களிடம் பேசும்போதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஓர் அக்கா, நாலரைக்கு எழுந்து சமைத்து, ஐந்தே முக்கால் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கிறவர், ராத்திரி பன்னிரண்டு வரை சீரியல் பார்க்கிறார். ஏன் என்று கேட்டால், "எனக்குன்னு இருக்கிற நேரம் அது ஒண்ணுதான் டாக்டர்" என்றார். சீக்கிரம் படுங்கள் என்று அவரிடம் சொல்லி என்ன பயன்? வீட்டுக்காரரை அடுத்த முறை கூடவே அழைத்துவரச் சொன்னேன். வந்தார். பிள்ளைகளுக்குக் காலைப் பசியாறலை அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டார், அக்காவுக்கு இப்போது காலையில் நாற்பது நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இவற்றை உலை கொதிக்கும் நேரத்தில் செய்கிறார்.

இரவுக் காவல் வேலை பார்க்கும் ஐயாமார்கள் ஷிஃப்ட் முடிந்த கையோடு நடக்கப் போகாதீர்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மது உள்ளவரின் கவனம் அளவுக்கு இறங்கிவிடும். 2020 முதல் நம் நாட்டுச் சாலைச் சட்டத்தின் வரம்பே அந்த அளவுதான். நேராக வீடு போய், அறையை இருட்டாக்கித் தூங்கி எழுந்து, வேலைக்குக் கிளம்பும் முன் நடங்கள்.

யாராக இருந்தாலும், முந்தின இரவு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்றைக்குக் கடுமையான பயிற்சி வேண்டாம். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குவது, இவை இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் சொல்லிப் பரிசோதனைக்குக் கடிதம் வாங்குங்கள். அது வேறு நோயாக இருக்கலாம், நடையால் மட்டும் சரியாகாது.

அந்த அண்ணன் இப்போது பத்தரைக்குப் படுத்து ஐந்தே முக்காலுக்கு எழுகிறார். ஓவர்டைம் இல்லாத நாட்களில் மகளோடு திடலைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிறார், மற்ற நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். மூன்று மாதக் கணக்கு என்பதால் இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. போன வாரம் மருந்து வாங்க வந்த அவர் மனைவி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தூணில் சாய்ந்தபடியே அவர் தூங்கிப்போவது நின்றுவிட்டதாகச் சொன்னார்.