"அஞ்சு நாட் டெயில்விண்ட்தானே சார்?"

ஏப்ரல், மே வந்தாலே பெங்களூரு விமானப் பயிற்சித் தளங்களில் தினமும் காதில் விழும் கேள்வி இது. டெயில்விண்ட் என்றால் பின்காற்று, நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல் வேகம். சோலோ, அதாவது தனியாகப் பறக்கப் போகும் பிள்ளைகள் கேட்டால்கூடப் பரவாயில்லை, இருநூறு மணி நேரம் பறந்தவர்களும் கேட்கிறார்கள். எதிர்க்காற்றில் எழுவதற்காக ரன்வேயின் மறுமுனை வரை டாக்சி பண்ண, அதாவது தரையிலேயே ஓட்டிப் போக மனமில்லை, அவ்வளவுதான்.

எதிர்க்காற்று தரும் லாபமும் பின்காற்று தரும் நஷ்டமும் சமம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சமமே இல்லை. செஸ்னா 172 கையேட்டைத் திறந்து டேக்ஆஃப் அட்டவணைக்குக் கீழே உள்ள குறிப்பைப் படியுங்கள். எதிர்க்காற்று என்றால் ஒவ்வொரு 9 நாட்டுக்குத்தான் தூரத்தை 10 சதவீதம் குறைக்கலாம். பின்காற்று என்றால் ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 சதவீதம் கூட்ட வேண்டும். ஆக, உங்கள் "அஞ்சு நாட்" 25 சதவீதம். 400 மீட்டரில் தரை விடும் விமானம் 500 மீட்டர் ஓடும். எழுந்த பிறகும் ஏற்றம் தட்டையாகவே இருக்கும். எதிரே மரமும் மின்கம்பியும் நிற்கும். போதாததற்கு நம் ஊர் ஏறத்தாழ 3,000 அடி உயரம். 35 டிகிரி மதியத்தில் காற்று மெலிந்து, இன்ஜினும் இறக்கையும் 6,000 அடியில் இருப்பதுபோல் திணறும். அட்டவணையில் அந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு, அதன்மேல்தான் காற்றைக் கூட்ட வேண்டும்.

போன் ஆப்பைக் காட்டி "விண்ட் காம்" (காற்றே இல்லை) என்று சொல்லாதீர்கள். அது முன்கணிப்பு. விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டாரும் 10 நிமிடச் சராசரிதான். கையில் கிடைக்கும்போது அரை மணி பழையதாக இருக்கலாம். கன்ட்ரோல் டவர் சொல்வது 2 நிமிடச் சராசரி. இந்த நொடியின் காற்றைக் காட்டுவது ரன்வே ஓரக் கம்பத்தில் ஆடும் துணிக்குழாயான விண்ட்சாக். ஓட்டம் தொடங்கும் முன் கடைசியாக ஒருமுறை அதைப் பாருங்கள். முழுதாக நீட்டி நின்றால் பொதுவாக 15 நாட் அல்லது அதற்கு மேல். வால் துவண்டு, சட்டென்று விறைத்து, பக்கம் மாறி ஆடினால் காற்று இன்னும் நிலைக்கவில்லை. காத்திருங்கள்.

கிராஸ்விண்டை, அதாவது பக்கக் காற்றை, கஸ்ட் எனும் திடீர் வீச்சை வைத்துக் கணக்கிடுங்கள். ரன்வே 26, அதாவது 260 டிகிரி திசை. காற்று 200 டிகிரியிலிருந்து, 14 நாட், கஸ்ட் 24. கோணம் 60. குறுக்கே வீசுவது சராசரிக்கு 12 நாட், கஸ்ட்டுக்கு 21. அந்த 172-க்குச் செய்துகாட்டிய கிராஸ்விண்ட் 15 நாட்தான். அதுவும் அனுபவமுள்ள சோதனை விமானி செய்துகாட்டியது. பயிற்சியில் இருப்பவர் அதற்கும் கீழே தனக்கென ஓர் அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடான எய்லரானைக் காற்று வரும் பக்கம் முழுதாகக் கொடுத்து ஓட்டத்தைத் தொடங்குங்கள். வேகம் ஏற ஏறத் தளர்த்துங்கள்.

கோடை மழைக்கு முன் வரும் காற்றுக்கு மட்டும் துணியவே துணியாதீர்கள், தயவுசெய்து. மேகம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே வந்துவிடும். ரன்வே கோடியில் செம்மண் எழும்பும், முகத்தில் குளிர்காற்று படும், விண்ட்சாக் முழுதாகத் திரும்பிவிடும். எதிர்க்காற்றில் தொடங்கிய ஓட்டம் பின்காற்றில் முடியும். உடனே திரும்பி வந்து இறக்கை, வால் எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டுங்கள். மேகம் கடந்ததும் காற்றை மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.