கற்சிலுவை என்று சொல்லுங்கள், கல்லறைச் சிலுவை வேண்டாம்

இங்கிலாந்தில் பழைய பங்குக் கோயில் முற்றங்களில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் இடைக்காலக் கல் சிலுவையைப் பார்த்ததும் ‘கல்லறைச் சிலுவை’ என்று எழுதத் தோன்றும், சுற்றிலும் கல்லறைகளாக இருப்பதால். ஆனால் அது பெரும்பாலும் ஒருவருக்காக நட்ட கல் இல்லை, ஊருக்கே பொதுவானது. அந்தக் காலத்தில் குருத்தோலை ஞாயிறு பவனி அதனடியில் நின்று செபித்துவிட்டுத்தான் கோயிலுக்குள் போகும்.

சரி, சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் சிலுவைக்குப் பெயர் ‘ரோட்’. கழி, கம்பம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. தென்மேற்கு ஸ்காட்லாந்தின் ரத்வெல் சிலுவையில், 8ஆம் நூற்றாண்டுக் கல்லின் ஓரங்களில், ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் இந்தச் சொல்லையே வெட்டியிருக்கிறார்கள்: கிறிஸ்து ‘ரோட்’ மேல் இருந்தார் என்று. 1642இல் அதை உடைத்துப் போட்டார்கள், 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் போதகர் ஹென்றி டங்கன் துண்டுகளைத் தேடிச் சேர்த்து மறுபடி நிறுத்தினார். இப்போது கோயிலுக்குள்ளே இருக்கிறது.

‘கிராஸ்’ வந்த வழி வேறு. லத்தீன் ‘குருக்ஸ்’ அயர்லாந்தில் ‘குரோஸ்’ ஆகி, வட ஐரோப்பியக் கடலோடிகளான வைகிங்குகள் வாய்வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அயர்லாந்தின் மொனாஸ்டர்பாய்ஸில் 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிலுவை ஒன்று உண்டு. தண்டின் அடியில் இரண்டு பூனைகள் புடைப்பாகப் படுத்திருக்கும், அங்கேயே ஒரு வாசகம்: இந்தக் ‘குரோஸை’ச் செய்வித்த முயிரெதக்குக்காகச் செபம். இரண்டு ஊர்க் கற்கள், தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டு நிற்கின்றன!

நம் ‘குருசு’ம் அந்த லத்தீன் வேர்தான், போர்த்துகீசியரின் ‘குருஸ்’ வழியாக வந்தது. ‘சிலுவை’ அதைவிட வேறு திசை: சுரியானி மொழியின் ‘ஸ்லீவா’.

அதனால் என் பரிந்துரை இது. கல்லைக் குறிக்கக் கற்சிலுவை. அயர்லாந்தின் உயரமான வகைக்கு நெடுஞ்சிலுவை, அது நாக்கிலும் நன்றாக உட்காருகிறது. அதனடியில் ஜனங்கள் கூடிச் செபிக்கும் இடத்தைச் சொல்ல, தென்கடலோரக் கத்தோலிக்கர் வாயில் இருக்கும் குருசடியைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் ஒன்று. 1643இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கோயில் முற்றச் சிலுவைகளையும் அகற்றச் சொல்லி ஆணை போட்டது. இன்று பல ஊர்களில் படிக்கட்டும் மொட்டைத் தண்டும்தான் மிச்சம், சிலவற்றின் தலையில் பிற்பாடு சூரியக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். அவற்றைச் ‘சிலுவைத் தண்டு’ என்றே எழுதுங்கள்.